ஈரல் நீர்க்கட்டியும் புழுக்குளிசையும்: வாவிக்கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயில்களிலும் குடிவழிகளிலும் தொடங்குவர். எப்.எக்ஸ்.சி. நடராசா அவர்கள் 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தது முதல் இப்போக்கு வலுப்பெற்றது. அது தேவையான பணியே. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்த மக்கள் எந்நோய்களால் நலிந்தனர், அந்நோய்களுக்குரிய மருந்து எவருடைய தேவைக்காகப் பிறந்தது, எவ்வழியாக அவர்களை வந்தடைந்தது அல்லது வந்தடையாது போயிற்று என்னும் வினாக்களும் வரலாற்று வினாக்களேயாம். இக்கட்டுரையில் அவ்வினாக்களை ஒரு சிறிய நோயைக் கொண்டு ஆராய முற்படுகிறோம். ஈரலில் ஒட்டுண்ணியால் உண்டாகும் நீர்க்கட்டியே அந்நோய்.

இலங்கையில் மனிதரிடத்து இந்நோய் அரிதாகவே காணப்படுகின்றது. மலேரியாவையோ கொழுக்கிப்புழு நோயையோ விட்டு அரிதான ஒன்றை எடுத்துக்கொள்வது ஏன் என்று வாசகர் கேட்கக்கூடும். பெருநோயின் வரலாற்றில் அரசும் முதலீடும் பேரியக்கங்களும் முன்னே நிற்பதால் நோயாளி மறைந்துபோகின்றான். அரிய நோயிலோ அவனுக்கென்று சந்தையும் இல்லை, இயக்கமும் இல்லை. வேறொரு நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட மருந்திலேயே அவன் தங்கியிருக்க நேரிடுகின்றது. மருந்துக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள உறவு இவ்விடத்திலேயே மறைவின்றிப் புலப்படுகின்றது என்பது எமது கருத்து.

முதற்கண் நோயின் இயல்பைக் கூறுதல் வேண்டும். எக்கினோகொக்கசு எனப்படும் நாடாப்புழு நாயின் சிறுகுடலில் வாழ்வது. அதன் நீளம் சில மில்லிமீற்றர் மாத்திரமே. வளர்ந்த புழுவுக்கு மூன்று அல்லது நான்கு கணுக்களே உண்டு. பல முழ நீளம் வளரும் ஏனைய நாடாப்புழுக்களோடு ஒப்பிடுகையில் இதனைப் புழு என்று சொல்வதற்கே தயக்கம் உண்டாகும். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லிலும் மண்ணிலும் நீரிலும் படிகின்றன. மாடு, எருமை, ஆடு, பன்றி முதலியன மேயும்போது அவற்றை விழுங்குகின்றன. முட்டையிலிருந்து வெளிப்படும் முளையம் குடற்சுவரைத் துளைத்துக் குருதிவழியே ஈரலை அடைந்து, நீர் நிறைந்த பையாக வளர்கின்றது. அறுத்த விலங்கின் ஈரலை நாய் தின்னும்போது வட்டம் நிறைவுறுகின்றது. மனிதன் இவ்வட்டத்தில் தவறிப் புகுந்தவன். நாயைத் தடவிய கையால் உண்ணும்போதோ, கழுவாத கீரையை உண்ணும்போதோ முட்டை அவனுட் செல்கின்றது. அவனுடைய ஈரலை எந்த நாயும் தின்னப்போவதில்லையாதலால் புழுவுக்கு அவன் ஒரு முட்டுச்சந்தே. ஏறத்தாழப் பத்து நோயாளிகளில் எழுவருக்குக் கட்டி ஈரலிலும் இருவருக்கு நுரையீரலிலும் தோன்றுகின்றது. பல ஆண்டுகள் அது ஓசையின்றி வளரும். வயிற்றின் வலப்புறத்தில் கனமாக ஏதோ இருப்பதாக நோயாளி உணரும்போது அது ஒரு தேங்காயளவு பருத்திருத்தலும் கூடும். கட்டி உடைந்தால் உள்ளிருக்கும் நீர் உடலெங்கும் பரவிக் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கி உயிரையே குடிக்கலாம். சிதறிய நுண்தலைகள் ஒவ்வொன்றும் புதுக்கட்டியாக வளரவும் கூடும்.

இவ்வட்டத்துக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் வாவிக்கரையில் உள்ளன. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி இந்நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் மேற்குப்பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் நெருக்கமான ஊர்களும் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் அமைந்தன. படுவான்கரையில் வட்டைகளும் குளங்களும் மேய்ச்சற்றரைகளும் அமைந்தன. அங்கு எருமைப் பட்டியும் மாட்டுப் பட்டியும் சொத்து, தயிர் வருவாய், பட்டி நாய் காவல். வேளாண்மை விதைத்த காலத்தில் மாடுகளை வட்டைக்கு அப்பால் காட்டோரத்துக்குக் கொண்டுசென்று காலை அமைத்துக் காப்பதும், அறுவடை முடிந்தபின் மீளக் கொண்டுவருவதும் நெடுங்கால வழக்கம். நாயும் மாடும் மனிதனும் ஒரே குளத்துநீரைச் சார்ந்து மாதக்கணக்காக வாழும் வாழ்க்கை அது. இதனாற் படுவான்கரையில் இந்நோய் பரவியுள்ளது என்று நாம் கூற வரவில்லை. நோய்க்கு இடங்கொடுக்கக்கூடிய உற்பத்திமுறை இன்னது என்பதையே சுட்டுகின்றோம். ஐசுலாந்திலும் ஆசெந்தீனாவிலும் துனீசியாவிலும் கென்யாவின் துர்க்கானா நாட்டிலும் இந்நோயால் மிகுதியும் வருந்தியவர்கள் மந்தை மேய்ப்போரும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளுமே.

எமது பழைய வைத்திய நூல்கள் கிருமியை அறியும். வாய்விளங்கம், பலாசு வித்து, வேம்பு என்பன குடற்புழுவுக்குக் கொடுக்கப்பட்டு வந்தன. வயிறு பருத்து நீர்கோத்தலை மகோதரம் என்று வகுத்தனர். எனினும் ஈரலுக்குள் அடைபட்ட பையையும் நாயின் குடலிலுள்ள புழுவையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. இக்குறை எம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. கிரேக்க வைத்தியரும் நீர் நிறைந்த ஈரலைக் கண்டு எழுதியுள்ளனர்; அது ஓர் உயிரியின் கூறு என்னும் ஐயம் மேனாட்டில் 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழுந்தது. 1850களின் தொடக்கத்தில் செருமானிய அறிஞர் சீபோல்ட் என்பார் விலங்கின் கட்டியை நாய்க்கு ஊட்டி, அதன் குடலில் வளர்ந்த புழுவைக் காட்டியபோதுதான் வட்டம் தெளிவாயிற்று. 1863 இல் மனிதரிடமிருந்து எடுத்த கட்டியைக் கொண்டும் இது மெய்ப்பிக்கப்பட்டது.

அக்காலத்திலேயே ஈழத்தில் மேனாட்டு வைத்தியம் தமிழ்மொழி வாயிலாகக் கற்பிக்கப்பட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழில் வைத்தியம் பயிற்றியதோடு உடலமைப்பு, சத்திரசிகிச்சை ஆகியன பற்றிய பெருநூல்களையும் தமிழாக்கம் செய்தார். அம்முயற்சி தொடர்ந்திருப்பின் புழுவின் வட்டத்தை எமது மக்கள் தம் மொழியிலேயே அறிந்திருப்பர். ஆனால் குடியேற்ற ஆட்சியின் வைத்தியக் கல்வி ஆங்கிலத்துக்கு மாறியபின் கிறீனின் நூல்கள் நூலகப் பொருளாயின. பிற்காலத்தில் வாவிப் பிரதேசத்தின் தென்பாலுள்ள காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936 இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தாய்மொழியில் சொல்லவேண்டும் என்ற அவருடைய வேட்கை மொழிப்பற்றினால் மாத்திரம் எழுந்ததன்று. ஐசுலாந்தின் வரலாற்றை நோக்குவார்க்கு இது விளங்கும்.

19 ஆம் நூற்றாண்டில் உலகில் நீர்க்கட்டி நோய் மிகுந்திருந்த நாடுகளுள் ஐசுலாந்து முதன்மையானது. டென்மார்க்கைச் சேர்ந்த அறால்ட் கிறாபே 1863 இல் அங்கு சென்று நூறு நாய்களை அறுத்துச் சோதித்தார். அவற்றுள் 28 இல் இப்புழு இருந்தது. அவர் செய்தது என்ன? மருந்து தேடிப் போகவில்லை. அக்காலத்தில் மருந்தும் இருக்கவில்லை. நோயின் வட்டத்தை எளிய நடையில் விளக்கும் ஒரு சிறு பிரசுரத்தை எழுதினார். அது ஐசுலாந்து மொழியில் அச்சிடப்பட்டு வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. நீண்ட பனிக்கால இரவுகளில் வீட்டார் கூடியிருந்து வாசிக்கும் வழக்கமுடைய மக்கள் அவர்கள். எழுத்தறியாதார் அரிதாகவே இருந்தனர். 1869 இல் நாய்களைக் கட்டுப்படுத்தவும், அறுத்த விலங்கின் நோயுற்ற உறுப்புகளை அழிக்கவும் சட்டம் இயற்றப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்தோரிடையே இந்நோய் அருகிவிட்டது. ஒரு வில்லைக் குளிசையும் இன்றி ஒரு நாடு இந்நோயிலிருந்து விடுபட்டது. எமது கிராமிய வைத்தியசாலைகளிலும் சுகாதாரப் பணிமனைகளிலும் பல ஆண்டுகளாக ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாத்திரம் தொங்கிய விளம்பரத்தாள்களை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

இங்கு ஒரு செய்தியை இடையிட்டுக் கூறலாம். நியூசிலாந்தும் தசுமேனியாவும் 20 ஆம் நூற்றாண்டில் இந்நோயை ஒழிக்க முற்பட்டபோது நாய்களுக்குக் கொடுத்துப் பேதியாக்கிப் புழுவைச் சோதித்த மருந்து அரிகோலின் என்பது. அது பாக்கிலிருந்து பெறப்படும் காரப்பொருள். வந்தாரை வெற்றிலை வட்டா வைத்து வரவேற்கும் மட்டக்களப்பாருக்குப் பாக்கின் வீரியம் புதிதன்று. அதனைக் கொண்டு தென்துருவத்துக்கு அண்மையிலுள்ள நாடுகள் தம் செம்மறிகளைக் காத்துக்கொண்டன என்பதே புதினம். பின்னர் பிராசிகுவான்டெல் என்னும் மருந்து வந்தபோது பாக்குக் காரம் கைவிடப்பட்டது. நியூசிலாந்து 2002 இல் இந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்துக்கொண்டது.

இனி மருந்தின் வரலாற்றுக்கு வருவோம். வெப்பமண்டல ஒட்டுண்ணிகளுக்கெனக் குடியேற்றக் காலத்தில் உருவான மருந்துகள் எவருடைய நலனை முன்னிட்டு எழுந்தன என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். அமீபாவால் ஈரலில் உண்டாகும் சீழ்க்கட்டி நீர்க்கட்டியினின்றும் வேறானது. எமது நாட்டில் அதனினும் பன்மடங்கு மிகுதியாகக் காணப்படுவது. இந்தியாவில் ஐரோப்பியப் படையினரும் உத்தியோகத்தரும் இந்நோயால் மடிந்தனர். சத்திரசிகிச்சையாற் பிழைத்தோர் சிலரே. 1912 இல் கல்கத்தாவில் லெனாட் றொஜர்ஸ், பிரேசில் நாட்டு மூலிகையொன்றின் வேரிலிருந்து பெற்ற எமெற்றீனை ஊசிமூலம் செலுத்தி இந்நிலையை மாற்றினார். எமெற்றீன் இதயத்தைத் தாக்கும் நஞ்சாயினும் அரை நூற்றாண்டுக்கு அதுவே கதியாயிற்று. 1966 இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் மெற்றோனிடசோல் இதற்கும் பயன்படும் என்று காட்டப்பட்ட பின்னரே ஏழை நோயாளிக்கும் கைக்கெட்டும் ஒரு குளிசை கிடைத்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இலங்கையின் கொழுக்கிப்புழு இயக்கம். றொக்கபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு 1916 இல் மாத்தளைத் தோட்டங்களில் இது தொடங்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோரிடம் புழு காணப்பட்டது. குருதி வற்றிய தொழிலாளி குறைவாகவே கொழுந்து பறிப்பான் என்ற கணக்கைத் தோட்டத்துரைமார் விரைவில் விளங்கிக்கொண்டனர். ஆனால் மலசலகூடம் கட்டும் செலவை ஏற்க முன்வரவில்லை. எனவே மருந்து திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்டது. மண்ணிலிருந்து புழுவும் திரும்பத் திரும்ப ஏறியது. முதலில் தைமோல், பின்னர் கெனொப்போடிய எண்ணெய், 1920களில் காபன் நாற்குளோரைட்டு. இவற்றுட் கடைசியாகக் கூறியது ஈரலைச் சிதைக்கும் நஞ்சு. அது ஈரலில் விளைவிக்கும் மாற்றங்களைப் பற்றி, பிரேதபரிசோதனைகளையும் உள்ளடக்கி, 1922 இலும் 1923 இலும் இலங்கையிலிருந்தே பிரித்தானிய மருத்துவ இதழுக்கு எழுதப்பட்டது. உழைப்பாளியின் குடலைச் சுத்தஞ்செய்ய அவனுடைய ஈரலைப் பணயம் வைத்த காலம் அது. மட்டக்களப்பு தேயிலை விளையாத நிலம். ஆகவே அது இவ்வியக்கத்தின் முதல் அக்கறைக்கு உரியதாகவும் இருக்கவில்லை, முதற் பரிசோதனைகளுக்கு இலக்காகவும் அமையவில்லை. புறக்கணிப்பும் சிலவேளை காப்பாகிவிடுகின்றது!

நீர்க்கட்டிக்கோ 1970கள் வரை கத்தியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அக்கத்தியும் இலேசானதன்று. வயிற்றைத் திறந்து கட்டியைச் சூழத் துணி பொதிந்து, உள்நீரை உறிஞ்சி, போமலின் முதலிய கொல்லிகளைச் செலுத்திப் பின்னர் பையை அகற்றுவர். போமலின் பித்தக்கான்களிற் கசிந்து நோயாளியைக் கொன்றதும் உண்டு. ஒரு துளி சிந்தினாலும் சில ஆண்டுகளிற் பல கட்டிகள் தோன்றலாம்.

மாற்றம் வந்த திசை எதிர்பாராதது. 1961 இல் அமெரிக்காவில் தயாபென்டசோல் என்னும் மருந்து வெளிவந்தது. பென்சிமிடசோல் என்ற இரசாயனக் குடும்பத்தின் முதற் புழுக்கொல்லி அது. செம்மறியாட்டின் குடற்புழுவை நோக்கிச் செய்யப்பட்டது. ஆட்டு உரோமமும் இறைச்சியும் பெருவணிகமாக விளங்கிய நாடுகளில் புழுவால் நேர்ந்த இழப்புக்குப் பணக்கணக்கு உண்டு. பணக்கணக்கு உள்ள இடத்தில் ஆய்வுகூடமும் உண்டு. அக்குடும்பத்தின் அடுத்த பிள்ளைகளாக 1970களின் தொடக்கத்தில் பெல்ஜியத்து ஜான்சன் ஆய்வுகூடத்திலிருந்து மெபென்டசோலும், சிமித்கிளைன் கம்பனியின் விலங்கு மருந்துப் பிரிவிலிருந்து அல்பென்டசோலும் தோன்றின. 1974 இல் மெபென்டசோல் எலிகளிடத்து நீர்க்கட்டிப் புழுவைத் தாக்கும் என்று காட்டப்பட்டது. 1977 இல் பெல்ஜிய வைத்தியர் சிலர் நான்கு நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துக் கட்டிகள் சுருங்கியதை வெளியிட்டனர். 1983 இல் பிரெஞ்சு வைத்தியர் சைமோவும் அவர்தம் குழுவினரும் அல்பென்டசோல் இதனினும் சிறந்ததாகலாம் என்று எழுதினர். உலக சுகாதார நிறுவனம் 1980களில் பல நாடுகளின் வைத்தியசாலைகளை இணைத்து இரு மருந்துகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. அமெரிக்க அரசு நீர்க்கட்டிக்கு அல்பென்டசோலை அங்கீகரித்தது 1996 இலேயே. ஆட்டுக்கு மருந்து கிடைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னரே ஆட்டிடையனுக்குரிய உரிமச்சீட்டு எழுதப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இம்மருந்து எவ்வாறு தொழிற்படுகின்றது? புழுவின் உயிர்க்கலங்களில் தியூபுலின் என்னும் புரதம் இழைகளாகக் கோவைப்பட்டு உணவைக் கடத்தும் வழிகளை அமைக்கின்றது. அல்பென்டசோல் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு கோவைப்படாமல் தடுக்கின்றது. புழு குளுக்கோசை உறிஞ்சமுடியாது பட்டினியால் நலிகின்றது. மனிதக் கலத்திலும் தியூபுலின் உண்டு. ஆனால் மருந்து அதனைப் பற்றும் வலிமை மிகக் குறைவு. விழுங்கிய குளிசை ஈரலில் வேறொரு பொருளாக மாற்றப்பட்ட பின்னரே கட்டியினுட் சென்று செயற்படுகின்றது. நோயுற்ற உறுப்பே மருந்தையும் ஆக்கித் தருகின்றது என்பது இதிலுள்ள விந்தை. மெபென்டசோல் குடலில் மிகச் சொற்பமாகவே உறிஞ்சப்படுவதால் உடலெடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் வரை வேண்டும். அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 100 மில்லிகிராம் குளிசைகளில் நாள்தோறும் 24 முதல் 30 வரை விழுங்கவேண்டும் என்பது இதன் பொருள். அல்பென்டசோலுக்கோ 10 முதல் 15 மில்லிகிராம் போதும்; 400 மில்லிகிராம் குளிசை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதனை வெறுவயிற்றில் எடுத்தால் பெரும்பகுதி வீணாகும். கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் உறிஞ்சப்படும் அளவு ஏறக்குறைய ஐந்து மடங்காகின்றது. எருமைத்தயிரும் தேங்காய்ப்பாற் கறியும் உண்ணும் பட்டிக்காரருக்கு இதில் இடர் இல்லை. ஆனால் தயிர்ச்சட்டியை எழுவான்கரைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுப் பழஞ்சோற்றுத் தண்ணீரோடு வயலுக்குப் போகும் கூலியாளுக்கு அதே குளிசை ஐந்திலொரு பங்கு மருந்தாகிவிடும். வர்க்கம் என்பது குடலின் உட்சுவர் வரை சென்று செயற்படுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

தொடக்கத்தில் 28 நாள் மருந்தும் 14 நாள் ஓய்வுமாகச் சுற்றுகளாகக் கொடுத்தனர். இப்பொழுது இடைவெளியின்றி மூன்று முதல் ஆறு மாதம் வரை கொடுப்பதே பொதுவழக்கு. ஈரல் நொதியங்கள் உயர்தல், வெண்குருதிக் கலங்கள் குறைதல், மயிர் உதிர்தல் ஆகியன நேரலாமாதலால் குருதியை அடிக்கடி சோதித்தல் வேண்டும். கருவுற்ற தொடக்க மாதங்களில் கொடுத்தலாகாது. பயனைப் பற்றி மிகைப்படக் கூறுதல் தகாது. மருந்தை மாத்திரம் பெற்றோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குக் கட்டி மறைகின்றது, இன்னுமொரு பங்கினருக்கோ சற்றுக் கூடுதலானோருக்கோ அது சுருங்குகின்றது அல்லது சிதைகின்றது, எஞ்சியோருக்கு மாற்றமில்லை. குணமடைந்தோரிற் சிலருக்கு மீண்டும் தோன்றுவதும் உண்டு. துனீசிய வைத்தியர் கார்பி 1981 இல் கழியொலிப் படத்தைக் கொண்டு கட்டிகளை வகைப்படுத்தினார். பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு அதனை விரிவாக்கியது. ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஒற்றைப்பைக் கட்டிக்கு மருந்து மாத்திரம்; அதனிற் பெரியவற்றுக்கு மருந்தோடு, தோல்வழி ஊசி செலுத்தி நீரை எடுத்து உப்புக்கரைசல் அல்லது மதுசாரம் ஏற்றி மீள எடுக்கும் முறை; மிகப் பெரிதானவற்றுக்கும் உட்பைகள் மலிந்தவற்றுக்கும் சத்திரசிகிச்சை; உறைந்து சுண்ணம் படிந்தவற்றுக்கு ஒன்றுமே வேண்டாம், கண்காணித்தல் போதும். இந்தக் கடைசி வகைக்கும் குளிசையோ கத்தியோ கொடுத்து நோயாளியை வருத்துதல் இன்றும் பல நாடுகளில் நிகழ்கின்றது.

ஊசி முறையும் வட ஆபிரிக்காவிலேயே பெரிதும் வளர்ந்தது. துனிசில் மந்தை மேய்ப்போருக்கு மருத்துவம் பார்த்தவர்களே கட்டியை வகைப்படுத்தவும், கத்தியின்றிக் குணப்படுத்தவும் வழிகண்டனர். மூன்றாம் உலக வைத்தியன் மேனாட்டு அறிவின் நுகர்வோன் மாத்திரமே என்னும் எண்ணத்துக்கு இது தக்க மறுப்பாகும்.

இத்தகைய மறுப்பை மருந்துக் கொள்கைத் துறையில் நிகழ்த்தியவர் எமது நாட்டவரான பேராசிரியர் சேனக பிபிலே. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும் இடதுசாரியுமான அவர், கம்யூனிஸ்ட் தலைவர் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971 இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. நாட்டிற்கு வேண்டிய மருந்து எவையென்று தெரிந்தெடுத்தல், வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வாங்குதல், உலகளாவிய கேள்விமனு மூலம் மலிந்த விலைக்குப் பெறுதல் என்பன அவருடைய வழிமுறைகள். 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் கொள்வனவு செய்த மூலப்பொருளிலிருந்து ரெற்றாசைக்கிளின் உறைகளைச் செய்துதர அமெரிக்கக் கம்பனியொன்று இணங்காமையும், அரசு அதனைத் தேசியமயமாக்கத் துணியாமையும் பிபிலேயும் சஞ்சய லாலும் 1977 இல் வெளியிட்ட ஆய்வில் பதிவாகியுள்ளன. அவ்வாண்டு செப்ரெம்பரில் பிபிலே கயானா நாட்டில் காலமானார். அதே ஆண்டு ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. தனியார் மருந்து இறக்குமதி மீண்டும் விரிந்தது. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே என்பது வரலாற்றின் கேலி. எனினும் அரச வைத்தியசாலைகளுக்குப் பொதுப்பெயரால் வாங்கும் மரபு அழியவில்லை. இன்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் நோயாளியொருவர் பணமின்றி மருந்து பெறுவதற்கு வழிகோலியவற்றுள் அம்மரபும் ஒன்று.

ஆனால் மூன்று மாதச் சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு 180 குளிசை வேண்டும். ஆறு மாதத்துக்கு 360. குடற்புழுவுக்கு வரும் பிள்ளைக்கு ஒரே குளிசை. மருந்தகத்தின் கொள்வனவுக் கணக்கு இரண்டாவது வகையை எண்ணியே போடப்படுவது. நீர்க்கட்டி நோயாளி வந்து நிற்கும்போது நூறு பிள்ளைகளுக்குரிய குளிசைகள் ஒருவர் கைக்குச் செல்கின்றன. அவ்வாறு கொடுத்தாலும் இடையில் ஒரு மாதம் தவறினால் முன்னைய மாதங்களின் பயன் குன்றும். இங்கேதான் வாவி மீண்டும் குறுக்கிடுகின்றது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வவுணதீவு போன்ற சோதனைச் சாவடிகளைத் தாண்டியே வைத்தியசாலைக்கு வரவேண்டும். மருந்து உட்படப் பல பண்டங்கள் அப்பாற் செல்வது மட்டுப்படுத்தப்பட்டது. மாதமொருமுறை குருதிச் சோதனை, மூன்று மாதத்துக்கொருமுறை கழியொலிப் படம் என்னும் நூல்விதியை அந்நிலையில் வைத்துப் பார்த்தால், பாடநூலில் முதலில் நிற்கும் குளிசைச் சிகிச்சை வாவிக்கு மேற்கே சிகிச்சையாகவே இருந்திராது என்பது தெளிவு. ஒரே தடவையில் முடியும் சத்திரசிகிச்சையே, அதன் ஆபத்துகளோடும், அம்மக்களுக்குப் பொருந்துவதாயிருந்திருக்கும். எது நவீன மருத்துவம், எது பழைய மருத்துவம் என்பதை ஆய்வுகூடம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை.

போருக்குப் பின் நிலைமை ஓரளவு மாறியது. மண்முனைத் துறையில் பாதை எனப்படும் மிதவையிற் கடந்த மக்கள் 2014 முதல் பாலத்தால் கடக்கின்றனர். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வைத்திய பீடம் அமைந்து, இம்மண்ணின் பிள்ளைகள் இங்கேயே வைத்தியம் கற்கின்றனர். எனினும் 2022 இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது அரச மருந்தகங்களின் தட்டுகள் வெறுமையாயின. அந்நெருக்கடியில் நீரிழிவுக்கும் புற்றுநோய்க்கும் குரல்கொடுக்க ஆட்கள் இருந்தனர். அரிய நோயாளிக்குக் குரல்கொடுப்போர் எண்ணிக்கையும் அரிதே.

மட்டக்களப்பின் பாற்பண்ணையாளர் 2023 செப்ரெம்பரிலிருந்து சித்தாண்டியில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்காகப் போராடத் தொடங்கினர். பட்டிகள் எங்கே மேய்வன, எங்கே அறுக்கப்படுவன, அறுத்த ஈரலும் நுரையீரலும் மடுவத்து வேலிக்கு வெளியே எறியப்படுகின்றனவா குழிதோண்டிப் புதைக்கப்படுகின்றனவா, பட்டி நாய்க்கு ஆண்டுக்கு எத்தனை தடவை பிராசிகுவான்டெல் கொடுக்கப்படுகின்றது என்பன ஒரே கணக்கின் உறுப்புகள். அக்கணக்கை வைத்தியத் திணைக்களமும் கால்நடைத் திணைக்களமும் பிரதேச சபையும் தனித்தனி ஏடுகளில் எழுதிவருகின்றன. அவற்றை ஒன்றுசேர்த்து நோக்கும் கள ஆய்வொன்று கிழக்குப் பல்கலைக்கழக மாணவரால் மேற்கொள்ளப்படல் வேண்டும். மடுவங்களில் அறுக்கப்படும் மாடுகளின் ஈரல்களை ஓராண்டுக்கு எண்ணிப் பார்த்தலும், வைத்தியசாலையின் கழியொலிப் பதிவேடுகளை ஊர்வாரியாகப் பிரித்தலும் அதற்குப் போதுமான தொடக்கமாகும்.